ஊதாக்கல்லுக்குள் தங்க முடி

எனக்குப் பொறாமை உண்டு. எல்லாரையும் பார்த்து வராது, என் தங்கையைப் பார்த்தால் மட்டும் வரும். சின்னவளுக்கு அடர்த்தியான தலைமுடி, பெரியவளுக்குப் படிப்பு என்று அம்மா சின்ன வயதிலேயே பங்கு பிரித்துவிட்டாள். படிப்பில் பூ வைக்க முடியுமா?

தங்கை வாழ்க்கைப்பட்டது அகரத்தில். அவள் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. போன வருஷம் லீவில் வந்தவர், பிரேசிலில் வாங்கியதாக ஊதாக்கல் டாலர் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் தீபாவளிக்குத் தீபாவளி சின்னாளப்பட்டிச் சுங்குடி எடுத்துத் தருவார். ஒரு வருஷம் பச்சை, மறு வருஷம் அரக்கு. குறை சொல்லக் கூடாது. ஆனால் சொல்கிறேன்.

அவர் கப்பலுக்குத் திரும்பியதும் தங்கை டாலரோடு திண்டுக்கல்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "நீதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சேக்கா. உள்ள என்னமோ முடி முடியா கெடக்கு. நல்ல கல்லுதானான்னு செத்த பாத்துச் சொல்லேன்."

இரண்டு நாள் வைத்திருந்தேன். பள்ளிக்கூட லேப் லென்ஸில் பார்த்தால், ஊதாவுக்குள் தங்க நிறத்தில் மெல்லிய முடிக்கற்றைகள். தேடிப் படித்தேன். ககாக்ஸினைட் என்று பெயர், இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். சில கற்களில் அது வேறோர் இரும்புக் கனிமமாகவும் இருக்கலாமாம், லென்ஸுக்கு அது தெரியாது. இரும்புத் தாதுவோடு கலந்திருந்தால் உருக்கும்போது இரும்பைக் கெடுத்துவிடும் என்பதால் கிரேக்கத்தில் 'கெட்ட விருந்தாளி' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊதாக்கல்லுக்குள் இருந்தால் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. டாலரை என் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குத்தான் பொருந்தியது.

தங்கை மறுபடி வந்தபோது சொன்னேன். "பேரே கெட்ட விருந்தாளிடி. கல்லுக்குள்ள இழை ஓடுனா தோஷம்னு நம்ம ஆசாரிகூடச் சொல்வாரே. கடல்ல போற மனுசனோட பொண்டாட்டி இதப் போடலாமா?"

அவள் முகம் வெளிறிவிட்டது. நான் நிறுத்தவில்லை. "எங்கிட்டயே இருக்கட்டும். சயின்ஸ் படிச்சவள தோஷம் என்ன பண்ணும்?"

என் கையிலிருந்து டாலரைப் பிடுங்கிக்கொண்டாள். "எனக்கு ஆகாதது ஒனக்கு மட்டும் ஆகுமாக்கா? ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் தாங்குவேனா?"

எங்கள் பக்கத்தில் வீட்டில் வைத்திருக்கப் பயமான நகையை விற்க மாட்டார்கள், யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். கோயில் உண்டியலில் போட்டுவிடுவார்கள். சாமி தாங்கிக்கொள்ளும். தோஷத்தை எடுத்துக்கொடுத்த நான் உண்டியலை மறந்துபோனேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் வாசலிலிருந்து போன் செய்தாள். "போட்டுட்டேன்க்கா. இப்பதான் மனசு லேசா இருக்கு." உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம். இனி உண்மையைச் சொன்னாலும் கல் வராது. நான் சொல்லவில்லை.

இதனால் தங்கைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் சண்டை வரும் என்றாவது எதிர்பார்த்தேன். "ஒங்கக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாராம் அவர். அதற்கும் வயிறு எரிந்தது.

அடுத்த லீவுக்கு அவர் இரண்டு டாலர் கொண்டுவந்தார். ஒன்றை எனக்கென்று தங்கையே எடுத்துவந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஓர் இழைகூட இல்லாத வெறும் ஊதா.

"இழை இல்லாததா பாத்து வாங்கச் சொன்னேன்க்கா. நீ சொன்னத மறப்பேனா?"

அவளே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். தன்னுடையதையும் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் கண்ணாடியில் பார்த்தோம். அவளுக்குத்தான் பொருந்தியது.