பின் சீட்டு

இப்போதெல்லாம் புதுக் கார் என்றாலே எனக்கு அலுப்புதான். ஆனால் நேற்று அண்ணன் வாங்கி வந்த காரின் கதவைத் திறந்ததும் வந்த சீட்டு வாசம், கோவில்பட்டியில் அப்பா வைத்திருந்த முதல் சின்னக் காருக்குள் என்னைக் கொண்டுபோய்விட்டது.

வெயிலில் கொதிக்கும் பின் சீட்டில் அம்மாவோடு நாங்கள் நான்கு பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்து, ஜன்னல் வழியே வரும் கரிசல் புழுதி பல்லில் நறநறக்க, விளாத்திகுளம் வரை போவோம். முன் சீட்டு பெரியப்பாவுக்கு. பிறகு அதே கம்பெனியின் உருண்டை மாடல் வந்தது, அதற்கப்புறம் டிக்கி வைத்த நீள மாடல் வந்தது. ஒவ்வொன்றிலும் இடம் கூடிக்கொண்டே போனாலும் அம்மா பின்னாலேயே இருந்தாள். பெரியப்பா இறந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

நான் பத்தாவது படிக்கையில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, அவளால் குனிந்து பின்னால் ஏற முடியவில்லை. அப்பா முன் கதவைத் திறந்தார்.

"இங்கன உக்காரு."

கயத்தாறு தாண்டும்வரை அம்மா முன் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள், "ரோடு இம்புட்டு அகலமாவா இருக்கு? இத்தன வருசமா உங்க பின்மண்டையத்தான பாத்துக்கிட்டு வந்தேன்."

அப்பா வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தபடி எங்களை முந்திப் போயின.