கேன்டீன் கோட்டாவில் ஒரு பாட்டில் வைன்

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு இரண்டு பழக்கங்கள் படிந்தன. காலையில் ஓடுவது ஒன்று. சனிக்கிழமை மாலையில் நல்ல வைன் ஒரு கோப்பையோ, எலுமிச்சையும் சோடாவும் சேர்த்த எளிய காக்டெய்ல் ஒன்றோ குடிப்பது மற்றொன்று. அங்கே இரண்டும் சேர்ந்து ஒரே வாழ்க்கைமுறையாகக் கருதப்பட்டன. ஓடுகிறவர்கள்தான் குடித்தார்கள்; குடித்தவர்கள்தான் மறுநாள் ஓடினார்கள். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நூற்பாலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் என் நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றதும் ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். பழக்கங்களும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டன.

பெங்களூரில் ஓடுவதற்குத் தேவைப்பட்டது ஒரு ஜோடி ஷூ. ராஜபாளையத்தில் தேவைப்பட்டவை: ஷூ, கணுக்கால் வரை இறங்கும் பேன்ட், அதில் பாதியையாவது மறைக்கும் சட்டை, அம்மாவின் சம்மதம், தாய்மாமா, தாய்மாமாவின் மொபெட்.

முதல் வாரம் தனியாகத்தான் ஓடினேன். அய்யனார் கோவில் ரோட்டில் மாந்தோப்புகள் தொடங்கும் இடம் வரை போய்த் திரும்புவது என் திட்டம். செட்டியார்பட்டி பக்கமிருந்து மில் வேலைக்கு வருகிறவர்கள் பைக்கை நிறுத்தி, பஸ்ஸை விட்டுவிட்டாயா, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஒருவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். எங்கள் ஊர் நாய்க்குப் பேர்போனது. என்னைத் துரத்தியதெல்லாம் பேரில்லாத நாய்கள். இவ்வளவும் நான் வீடு வந்து சேருமுன்பே அம்மாவுக்கு போனில் வந்து சேர்ந்திருந்தது. இனி மாமா கூட வந்தால் ஓடலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே குதித்துக்கொள்ளலாம் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மாமா அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் வீடு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்து ஏதாவது ஒரு கடமையைச் செய்யாவிட்டால் அவருக்கு நாள் விடியாது. அதனால் உடனே ஒப்புக்கொண்டார். நான் முன்னால் ஓட, அவர் பின்னால் மொபெட்டில் ஊர்ந்து வருவார். அந்த வேகத்தில் மொபெட் அடிக்கடி அணைந்துவிடும். அணைந்தால் என் மேல்தான் கோபம் வரும். முதலமைச்சருக்குப் பாதுகாப்பு வண்டி முன்னால் போகும், எனக்குப் பின்னால் வந்தது. ஊர் அதைப் புரிந்துகொண்டு பேசாமல் வழிவிட்டது.

வைன் விஷயத்திலும் எனக்கு மாமாவை விட்டால் வழியில்லை. டாஸ்மாக் வரிசையில் நான் போய் நிற்பதை என்னாலேயே கற்பனை செய்ய முடியவில்லை. மாமாவிடம் கேன்டீன் கார்டு இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு மாதக் கோட்டாவாக நல்ல சரக்கு மலிவான விலையில் கிடைக்கும். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கும்போதே மாமா போன்றவர்களின் கோட்டாவையும் நயமாக விசாரித்துவிடுவார்கள். ஆனால் ஒரு வருடத்துக்கு முன் டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதும் மாமா குடியை விட்டார். பட்டாளத்துக்காரர் இல்லையா, உத்தரவு வந்த அன்றைக்கே விட்டுவிட்டார். கேன்டீனில் இனி சோப்பும் டீத்தூளும் மட்டும்தான் என்று அத்தையிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

நான் கேட்டபோது, பெண்பிள்ளை குடிப்பதா என்று அவர் அதிரவில்லை. அவரை அதிர வைத்தது வேறு.

"வைனா? ஒரு ரம்மு எடுக்க வேண்டிய எடத்துல வைனு எடுக்கணுமா மருமகளே? கோட்டாவ இப்படி யாராச்சும் பாழாக்குவாங்களா?"

பாழாகாது என்று விளக்கினேன். ஓடுகிறவள், அளவோடு குடிக்கிறவள், வாரம் ஒரு டம்ளர்தான் என்றேன். அவ்வளவு குறைவாகக் குடிப்பவளை நம்பலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆனாலும் வாங்கி வந்தார்.

அந்தப் பாட்டிலை என் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்தேன். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் கோடையில் எங்கள் ஊர் அறைக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் போட்டுக் குடித்தேன். வைனோடு பாலாடைக்கட்டி சாப்பிட வேண்டும் என்ற விதிக்கு, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வாங்கிய பால்கோவாவை வைத்து ஒருமுறை முயன்றேன். இரண்டுக்கும் அது அவமானம். நன்னாரி சர்பத்தோடு எலுமிச்சை, சோடா, கொஞ்சம் வைன் கலந்தால் மட்டும் கச்சிதமாக இருந்தது. வார நாட்களில் நான் ஓட்டத்தில் கரைத்ததை வார இறுதியில் பால்கோவா திருப்பித் தந்துவிடும். இப்படிச் சில வாரங்கள் எல்லாம் சீராகத்தான் போயின.

ஒரு வீட்டு விசேஷத்துக்குச் சேலை தேடி அம்மா என் பீரோவைத் திறந்தாள்.

மற்ற வீடுகளில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மா பாட்டிலின் மேல் இருந்த கேன்டீன் முத்திரையைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தாள். மாமா குடித்த காலத்தில் ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் அம்மாவின் முட்டிவலிக்கு என்று வந்துவிடும். பட்டாளத்துக்காரர் உள்ள எல்லா வீடுகளிலும் அது வழக்கம்தான். சளிக்கு நெஞ்சில், வலிக்கு முட்டியில். மாமா குடியை விட்டதும் அந்த வரத்து நின்றுபோயிருந்தது. தம்பி மறக்காமல் வாங்கி என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான், நான்தான் சொல்ல மறந்துவிட்டேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அன்று மதியம் நான் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் வைனில் கல் உப்பைப் போட்டு இரண்டு முட்டியிலும் தேய்த்துக்கொண்டாள்.

தேய்த்த கையோடு நன்றி சொல்ல மாமா வீட்டுக்கு போன் போட்டாள். அத்தை எடுத்தாள்.

அத்தையிடம் அம்மா சொன்னவற்றைப் பிறகு நான் வரிசைப்படுத்திப் பார்த்தேன். தம்பி கேன்டீனில் வாங்கிக் கொடுத்துவிட்டிருக்கிறான். நிறம்தான் புதிதாக இருக்கிறது, சேலையில் கறை விழுகிறது. பாட்டிலில் பாதிதான் இருக்கிறது, ஆனாலும் அது போதும். மூன்றும் உண்மை. மூன்றாவதைக் கேட்டதும் அத்தை போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மொபெட் வரவில்லை. குறைந்திருந்த பாதியைக் குடித்தது மாமாதான் என்று அத்தை தீர்மானித்திருந்தாள். ஓட்டத்துக்குக் காவல் என்று சொல்லிவிட்டு மாந்தோப்புக்குப் போவதன் பொருளும் அவளுக்கு விளங்கிவிட்டதாம். கேன்டீன் கார்டு அவள் கைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தாயார் சன்னதியில் இனிக் குடிப்பதில்லை என்று மாமா சத்தியம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. அதுவரை வீட்டை விட்டு அவர் வெளியே வரக்கூடாது. அதனால் என் ஓட்டமும் நின்றது.

பார்க்கப் போனேன். மாமா சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"வேண்டாம். உங்கம்மா உன் ஷூவத் தூக்கி அடுப்புல போட்டுருவா. நான் குடிக்காததுக்குத்தான சத்தியம் பண்ணப் போறேன்? இதவிட ஈசியான சத்தியம் ஒருத்தனுக்குக் கிடைக்குமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஒரு வருடமாகத் தன்னந்தனியாக விட்ட குடி அது. அவர் விட்டதை நம்ப இப்போது அந்த வீட்டில் ஆளில்லை. நான் உள்ளே வந்தபோது அத்தை அவர் பக்கம் திரும்பாமலே காபியை வைத்துவிட்டுப் போனதையும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் பஸ்ஸில் போனோம். தேரடியில் இறங்கி, பூ வாங்க அத்தை நின்றாள். கோபுரத்துக்கு நேரே நின்று உண்மையைச் சொல்வது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. உள்ளே போய்விட்டால் மாமா வாயால் சொல்லிவிடுவார், பிறகு அது சத்தியமாகிவிடும். ஆகவே அங்கேயே சொன்னேன். பாட்டில் என்னுடையது, பாதியைக் குடித்தது நான், மாமா வாங்கிக் கொடுத்ததோடு சரி.

அத்தை பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ அவிய குடிக்கலையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல அத்தை."

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா கோபுரத்தைப் பார்த்தார். அவள் கண் கலங்கியது. அதைத் துடைத்த வேகத்திலேயே, வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்திரும் என்று அவரைத் திட்டவும் ஆரம்பித்தாள். அந்தத் திட்டில் அவர் முகம் தெளிந்தது.

அம்மா தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் என் ஷூக்களை நினைத்துக்கொண்டேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, வீட்டுக்குள்ள கெடந்து எத வேணா குடிச்சுத் தொலை. அது யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது? காலங்காத்தால ரோட்டுல ஓடுத பாரு, அதத்தான் ஊரே பாக்குது. அத மொதல்ல நிறுத்து."

பெங்களூரில் ஒரே பழக்கமாக இருந்ததை அம்மா இரண்டாக வெட்டி, நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பாதியை என் கையில் கொடுத்திருந்தாள்.

அத்தைதான் குறுக்கே வந்தாள். "அவளை நிறுத்தாதிய மதினி. அவ ஓடலைன்னா இவிய காலையில கட்டில விட்டு எந்திரிக்க மாட்டாவ, சுகரு ஏறிரும். ஆனா மொபெட்டு வேண்டாம். நடக்கட்டும்." தம்பியின் சர்க்கரை என்றதும் அம்மாவுக்கு ஊர் பார்ப்பது கொஞ்சம் பின்னால் போனது. நடந்துவரும் மாமாவின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் நான் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். மாமாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. சன்னதியில் சத்தியம் இல்லை, அர்ச்சனை மட்டும்தான்.

இப்போது நான் அடுத்த வளைவு வரை ஓடுகிறேன், திரும்பி மாமாவிடம் வருகிறேன், மறுபடியும் ஓடுகிறேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாமரங்களைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி நடந்துவருகிறார். ஓட்டத்தைப் பதியும் செயலியில் என் பாதை, குழந்தை பேனாவால் கிறுக்கியது போல ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாக இருக்கிறது. இது என்ன புதுப் பயிற்சிமுறை, தூரம் இவ்வளவு கூடிவிட்டதே என்று பெங்களூர்த் தோழி கேட்டிருந்தாள். கூட ஓட ஆள் வேண்டும், ஆனால் அவர் ஓடக்கூடாது என்று பதில் எழுதினேன்.