எதிர்மலைக்குக் கேட்கும் குரல்

தேவனூர் நாடு என்னும் மலைப்பகுதியில் ஒரு வீட்டுக் கூரைமேல் நின்று ஆன்டெனாவைத் திருப்புகிறேன். மலை ஊர்களுக்கு இணையம் கொண்டுவரும் தொண்டு அமைப்பில் நானும் ஒருவன். எதிர்மலையில் இன்னொரு ஆன்டெனாவுடன் நிற்கும் நண்பனை மூடுபனி மறைத்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை.

வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் செல்லாயி, நான் சொல்வதை அவனுக்குக் கூவுகிறார்.

“கொஞ்சம் எடப்பக்கம் திருப்புங்கோ...!”

பனிக்குள்ளிருந்து “சரிங்க!” என்று பதில் வருகிறது.

மழை தூறுகிறது. நாளைக்குப் பார்க்கலாமென்று ஏணியில் கால் வைக்கிறேன்.

“உங்க குரலே போதும் போலிருக்கேம்மா!” என்று சிரிக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை.

“எம்மவளுக்குப் பிரசவ வலி வந்தப்ப ரோடு வரைக்கும் தூளி கட்டித் தூக்கிட்டுப் போனோம் சாமி. கூவுனா ஆம்புலன்சுக்குக் கேக்குமா?”

நனைந்த கூரைமேல் மறுபடி ஏறுகிறேன்.

“இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்னு சொல்லுங்கம்மா.”