சளி பிடித்த குரல்

தாலாட்டு டாக்டரைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. டாக்டர் என்பது ஊர் வைத்த பட்டம். ஊசி போடுகிறவர் அல்ல. மனசுக்கு யோசனை சொல்கிற உளவியல் நிபுணர். தூக்கம் வராதவர்களுக்கென்று தன் குரலைப் பதிவு செய்து கொடுத்திருந்தார். "சமத்தா இருங்க... கண்ணை மூடுங்க... நான் கூடவே இருக்கேன்" என்று வெண்ணெய் தடவின மாதிரி ஒரு குரல். தலைமை ஆசிரியை, பேருந்து ஓட்டுநர், எதிர்வீட்டு நீதிபதி எல்லாரும் அதைப் போனில் ஓடவிட்டுத்தான் குறட்டை விட்டார்கள். கட்டின மனைவிகூட அவர் பேச்சை முழுசாகக் கேட்டதில்லை. பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும் பாவம்.

மனுஷர் பரம சாது. கொசு அடிக்கக்கூட ஆள் கூப்பிடுவார். "மெதுவா பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்பதுதான் அவர் கோபத்தின் உச்சம்.

இப்படிப்பட்ட குரல் மேலிடத்தின் காதில் விழாமல் போகுமா? ஊருக்கு வெளியே இருந்த பழைய தானியக் கிடங்கில் 'விசாரணைப் பயிற்சி மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே யாருக்கு என்ன பயிற்சி என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் உள்ளே போனார்கள், மற்றவர்கள் கேட்கவில்லை. அங்கிருந்த அதிகாரி டாக்டருக்கு நாற்காலி போட்டு, "எங்க ஆளுங்க கத்துறாங்க, அடிக்கிறாங்க, நாகரிகமே இல்ல சார். உங்களை மாதிரி படிச்சவங்க கூட இருந்தா நல்லாருக்கும்" என்றார். படிச்சவங்க என்றதும் டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேலை ரொம்பச் சுலபம். பக்கத்து அறையில் பிடித்து வந்தவன் நிற்பான். உட்காரக் கூடாது, தூங்கக் கூடாது. அவன் கண் சொருகினால் காவலர் மணியை அமுக்குவார். உடனே டாக்டர் மைக்கில், "சமத்தா இருங்க... கண்ணைத் திறங்க... நான் கூடவே இருக்கேன்" என்பார். அடி கிடையாது, உதை கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சில நாளில் அவனவன் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். அவனைப் பார்க்கச் சுவரில் கண்ணாடி ஜன்னல் வைத்துத் தருகிறோம் என்றார்கள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். முகத்தைப் பார்த்தால் தொழில் நடுநிலை கெட்டுவிடுமாம்! பெயரையும் கேட்டுக்கொள்ள மாட்டார். அடேயப்பா, என்ன ஒழுக்கம்!

உளவியலாளர் சங்கத்தில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "நம்ம ஆளுங்க அங்க போறது சரியா?" என்று கேட்டுவிட்டாள். உடனே நெறிமுறைக் குழு போட்டார்கள். குழு டீ குடித்தது, பிஸ்கட் தின்றது, பிறகு சித்திரவதை என்றால் உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. காயம் இல்லாதபடியால் இது 'விழிப்புநிலைப் பராமரிப்பு'. கேட்ட பெண்ணைச் சங்கத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆனால் பத்திரிகைக்காரர்கள் விடுகிற மாதிரி இல்லை. அதனால் ஞாயிறு சாயங்காலம் பொதுக்கூட்டம். சங்கத்து ஆட்கள் ஒருவரும் அந்த மையத்தின் வாசலை மிதித்ததில்லை என்று மேடையில் சொல்ல வேண்டும். யார் சொன்னால் ஊர் நம்பும்? தாலாட்டு டாக்டரை விட்டால் வேறு யார்!

அந்த ஞாயிறு மத்தியானம் மச்சினன் வந்து சேர்ந்தான்.

மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அச்சகத்தில் வேலை. யாருக்கோ ஒரு துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்ததற்குப் பிறகு ஆளைக் காணோம். அவள் ஏறாத அலுவலகம் இல்லை, அழாத நாள் இல்லை. டாக்டரும் தன் பங்குக்கு, "கவலைப்படாதே, நண்பர்களோட எங்கயாவது போயிருப்பான்" என்று ஆறுதல் சொல்லிவந்தார்.

"உக்காருடா" என்றாள் அக்கா. "இல்லக்கா, நிக்கிறேனே" என்றான் அவன். தோளைப் பிடித்து அழுத்தித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. பாதியாக இளைத்திருந்தான். கண் மூடும், உடனே தூக்கிப் போடும். தண்ணீரைக் குடித்துவிட்டு டாக்டரிடம் திரும்பினான்.

"அத்தான், உங்க தொழில் இது, மறைக்காம சொல்லுங்க. எனக்குப் பைத்தியமா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"அந்தக் கிடங்குல புடிச்சு வச்சு என்னைத் தூங்கவே விடல. அசந்தா போதும், உங்க குரல் கேக்கும். அப்படியே நீங்க பேசுற மாதிரி. நீங்க எப்படி அங்க வருவீங்க? அப்ப என் மூளைதானே கெட்டுப்போச்சு? வீட்டுக்கு வரவே பயமா இருந்துச்சு அத்தான்."

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணாடி வேண்டாம் என்று தள்ளிய முகம் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அது நான்தான் என்று சொன்னால் மச்சினன் பிழைத்துக்கொள்வான், டாக்டரின் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் பையன் ஆயுசுக்கும் பைத்தியம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தார் மகானுபாவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தூக்கம் இல்லேன்னா மூளை அப்படித்தான் தம்பி. தெரிஞ்சவங்க குரலை அதுவே உண்டாக்கிக்கும். மனப்பிரமை. மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார், ஒரு எழுத்து பிசகவில்லை.

மச்சினன் தலையாட்டினான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "அப்ப பைத்தியம்தான்" என்றான். பிறகு அவனே லேசாகச் சிரித்தான். "இதைக் கேளுங்க அத்தான். அந்தப் பிரமைக்கு ஒரு நாள் சளி புடிச்சிருந்துச்சு. மூக்கடைச்சுக்கிட்டு சமத்தா இருங்கன்னுச்சு. நடுவுல தும்மல் வேற. தும்மிட்டு, மன்னிக்கணும்னு எங்கிட்டயே கேட்டுச்சு."

தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"எப்படா அது?"

"போன வாரம்கா. பெரிய மழை கொட்டுச்சே, அதுக்கு மறுநாள்."

மழைக்கு மறுநாள் புருஷனுக்குப் போர்வை மூடி ஆவி பிடிக்க வைத்தவள் அவள். இந்த மூக்கோடு எங்கும் போக வேண்டாம் என்று மறித்தவளும் அவள்தான். முக்கியமான ஆலோசனை என்று சொல்லிவிட்டுத் தும்மிக்கொண்டே போனார் அவர்.

"என்னங்க, பிரமைக்குச் சளி புடிக்குமா?" என்று கேட்டாள்.

"மெதுவா பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

"கேக்கட்டும்!" அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. "டேய், உனக்குப் பைத்தியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது இவர்தான். சாட்சாத் உங்க அத்தானேதான்!"

மச்சினன் அவரைப் பார்த்தான். பாய்ந்து அடிப்பான் என்று டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவன் அடிக்கவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாக்கா" என்று பெருமூச்சு விட்டான். உடம்பெல்லாம் தளர்ந்து, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனான்.

டாக்டர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். "நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

மச்சினன் துள்ளி எழுந்து விறைப்பாக நின்றான். "முழிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றான். கண் இன்னும் மூடியிருந்தது.

அக்கா அவனைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தடவி, மறுபடி தூங்க வைத்தாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வீட்டுல இனிமே உங்க சத்தம் கேக்கக் கூடாது" என்று கிசுகிசுத்தாள். "சாயங்காலம் மேடை போட்டு வச்சிருக்காங்கல்ல, அங்க பேசுங்க. அந்தக் கிடங்குல என்ன பண்ணீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. நானும் முன்வரிசையில உக்காருவேன். நீங்க சொல்லலேன்னா நான் எந்திரிச்சு சொல்லுவேன். எனக்கு மைக்கெல்லாம் வேணாம்."

சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.