ஒரே பெயருக்கு இரண்டு வேட்டி

சாப்பிட உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் நான் ஒருவேளைச் சோற்றைத் தின்று முடித்ததாக இருபத்தாறு வயதுவரை யாரும் பார்த்ததில்லை. குழம்புச் சோறு முடிந்ததும் எழுந்து முற்றத்துக்கு ஒரு நடை. ரசத்துக்குப் பிறகு இன்னொரு நடை. சினிமாக் கொட்டகையில் இடைவேளைவரைக்கும் தாங்காது, நடுவில் இரண்டு தடவை வெளியே போய் நின்றுவிட்டு வருவேன். மற்ற வீடாக இருந்தால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்பச்சி ஆத்தாவின் முகத்தைப் பார்ப்பார். ஆத்தா என் காலைப் பார்ப்பாள். பெற்ற தகப்பனும் தாயும் தன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வளர்வது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதனால் இன்னும் அதிகமாக நடந்தேன்.

காரணம் என் பெயர். எங்களவர்களில் தலைப்பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரை வைப்பார்கள். ஆகவே என் பெயர் என் பாட்டனாருடைய பெயர். அது அவருடைய பாட்டனாரின் பெயர். நடுவில் வந்த தகப்பன்மார்களுக்கெல்லாம் என் அப்பச்சியின் பெயர். இரண்டே பெயரை மாற்றி மாற்றிப் போட்டு இத்தனை தலைமுறை ஓட்டிய கெட்டிக்காரக் குடும்பம். இதோடு விடவில்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால் மூவருடைய தலைப்பிள்ளைக்கும் அந்த ஒரே பாட்டன் பெயர்தான். அப்பச்சியின் தம்பி மகன் என் பெயரோடு எங்கள் தெருவிலேயே இருந்தான். அவனுக்கு வந்த கடிதங்களை நான் பிரிப்பதும் எனக்கு வந்தவற்றை அவன் பிரிப்பதும் மாதம் ஒரு சண்டையாக நடந்தது. ஊர் அவனைச் செவத்தவன் என்றும் என்னைக் கறுத்தவன் என்றும் பிரித்துவைத்துப் பிழைத்துக்கொண்டது.

பாட்டனாரின் பாட்டனார் பர்மாவுக்குத் தொழிலுக்குப் போனவர். திரும்பிக் கப்பலில் வரும்போதே புத்தி பேதலித்துவிட்டது, சென்னையில் இறங்கியதும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்துவிட்டார்கள், பிறகு தெளிந்து ஊருக்கு வந்தார், பிள்ளைகளைப் பெற்றார், வீட்டின் இரண்டாம் கட்டைக் கட்டினார், ஆனால் சாகும்வரை வளவு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். வீட்டில் சொல்லும் கதை இவ்வளவுதான். அந்தக் கிறுக்கு பெயரோடு இறங்கும் என்பது அதற்கு மேல் ஒரு நம்பிக்கை. அதே பெயருள்ள என் பாட்டனார் முப்பதுக்குள் காமாலையில் போய்விட்டதால் அவரிடம் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. மிச்சம் இருந்தது நான்.

வருடம் ஒருமுறை பங்காளிகள் கூடிச் செத்துப்போன முன்னோர்க்குப் படைப்போம். ஒவ்வொருவர் பெயருக்கும் புது வேட்டியோ சேலையோ பலகையில் வைத்து, சமைத்ததை எல்லாம் இலையில் வைத்துக் கும்பிட வேண்டும். படைத்த துணியை வீட்டில் அந்தப் பெயருள்ளவர் உடுத்திக்கொண்டு பந்தியில் உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம். பதினைந்து வயதில் நான் அந்த வேட்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிறுக்கன் துணி எனக்கு எதற்கு? அப்பச்சி வற்புறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் நான் மருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. தோல் பையைத் தூக்கிக்கொண்டு கல்லல், தேவகோட்டை, சிவகங்கை என்று பஸ் மாறிக்கொண்டே இருக்கிற வேலை எனக்குத் தோதாக இருந்தது. அப்போதுதான் கொத்தமங்கலத்தில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். அவளை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். பாயசத்தைப் பாதிக் கரண்டியாக ஊற்றிக்கொண்டு போன ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, முழுக் கரண்டியா ஊத்துங்க, சட்டியில இருக்குல்ல" என்று பந்திக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். பிடித்ததால்தான் பயம் பிடரியில் ஏறி உட்கார்ந்தது. நாளைக்கு என் புத்தி கெட்டுப்போனால் அவள் என்ன ஆவாள்?

"நிச்சயம் பண்ணலாம்ல?" என்றார் அப்பச்சி.

"பர்மா போன பாட்டனாருக்கு என்ன நோயின்னு தெரியாம நான் கல்யாணம் பண்ணிக்கிற மாட்டேன்."

"செத்துப்போனவுக நோயை இனி எந்த டாக்டர்ட்ட கேப்ப?"

அதற்கும் வழி இருந்தது. பழைய அரசாங்கக் காகிதங்களைச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். கம்பெனிக் கூட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் சென்னைக்குப் போவேன். ஒருநாள் கூடுதலாகத் தங்கி, மனுப் போட்டு, நீளமான மேஜை ஒன்றின் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது சும்மா. அங்கிருந்த ஊழியர் காகிதக் கட்டைக் கொண்டுவருவதற்குள் நான் வராந்தாவை இருபது தடவை அளந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிப் பதிவேடு பெரியது. விரித்தால் மேஜையில் பாதி. இங்கிலீஷில், சாய்வான கையெழுத்தில், கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. பெயர், சாதி, வயது, ஊர், நோயின் தன்மை, எப்படி வெளியே போனான். பகல் இரண்டு மணி வாக்கில் என் பெயரைக் கண்டேன். என் சாதி, என் ஊர், என் வயதுக்கு ஒன்றிரண்டு கூட. நோய் என்ற கட்டத்தில், ஓரிடத்தில் உட்கார மாட்டான், நாள் முழுவதும் நடக்கிறான், ஊருக்குப் போக வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தது. நான் அதை நின்றுகொண்டுதான் படித்தேன். கடைசிக் கட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஊழியர் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், இதே பேர் ஜெயில் கட்டுலயும் இருக்கு. அதை எடுக்க நாளைக்கு ஆகும். இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

பைத்தியம் போதாதென்று ஜெயில் வேறா! இன்னும் ஒருநாள் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப்போகும்? ஆனால் ஒருநாள் பொறுக்கத் தெரிந்தவனாக இருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன். வெளியே வந்து, தபாலாபீசில் ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி, நின்ற நிலையிலேயே கொத்தமங்கலத்துக்கு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பைத்தியம் உண்டு, சிறையும் உண்டு, என் கண்ணாலேயே ஆதாரத்தைப் பார்த்துவிட்டேன், உங்கள் பெண்ணை எங்கள் வீட்டில் கொடுக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் போட்டேன். பெரிய தியாகம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே ரயிலேறினேன்.

பெண்ணைப் பெற்றவர் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி உள்ளதை உள்ளபடி எழுதிருக்கு, அதுக்கு நாங்க கடமைப்பட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் போனார். அவர் தலை மறைந்ததும் அப்பச்சி என்னைப் பார்த்து, "பாட்டனைப் பைத்தியம்னு பட்டணத்துல போயி எழுதி வாங்கிட்டு வந்துருக்க" என்றார். அன்றோடு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் எதிரிலேயே நின்றாலும் ஆத்தாவிடம்தான் சொல்லுவார்.

"அவனைச் சாப்பிடச் சொல்லு."

"அவனுக்குப் பசிக்கலையாம்."

"பசிக்காமத்தான் நடக்குறானாமா? கேளு."

இப்படியே நாட்கள் போயின. ஆவணியில் கொத்தமங்கலத்துப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை உறவுமுறைக்கு எல்லாம் வந்தது. மாப்பிள்ளை பள்ளத்தூர்ப் பக்கம். நான் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கல்லல் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரைக்கும் போனேன்.

மறுபடி கம்பெனிக் கூட்டம் வந்தபோது நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். பாட்டனாரின் பாட்டனார் அப்படி என்னதான் திருடினார், யாரை வெட்டினார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. அதே ஊழியர் ஜெயில் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். ஜெயில்காரர்கள் தகப்பன் பெயரையும் கேட்டு எழுதியிருந்தார்கள். என் பெயர், இன்னாருடைய மகன் என்று அப்பச்சியின் பெயர். என் பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு கைதிப் பதிவேட்டில் இருந்தது.

கூடவே ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம். இந்த மனிதன் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்து, உள்ளே இருப்பவன் என் சிற்றப்பன் மகன், ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று கேட்டிருக்கிறான். உத்தரவு இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். நான்காவது முறை, விறகு வண்டிக்காகக் கதவைத் திறந்தபோது உள்ளே புகுந்து, சிற்றப்பன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டான். மறித்த காவலாளியின் பல் உடைந்தது. ஆறு மாதம் சிறை. இருவருக்கும் ஒரே பெயராக இருப்பதால் ஆளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் கவனமாகச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் மறுபடி வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இவர் சிறையில் இருந்த அதே மாதங்களில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. முதல் தடவை நான் பார்க்காமல் விட்ட கடைசிக் கட்டத்தில், நான்காம் வருடம் அங்கேயே இறந்தான் என்று இருந்தது. எங்கள் வம்சத்தைப் பெற்றவர் தெளிந்து வந்து இரண்டாம் கட்டைக் கட்டினார் என்று அத்தனை வருடம் கேட்டிருந்தும், அங்கேயே செத்தவரை அவர் என்று முடிவுகட்டிவிட்டேன். செவத்தவன் கடிதத்தை மாதாமாதம் கையில் வாங்குகிற எனக்கு, வேறு ஒருவராக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. பதிவேட்டைத் தலையில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கும். பர்மாவிலிருந்து புத்தி பேதலித்து வந்தவர் ஒருவர். அவரைக் கூட்டிவரப் போய், மொட்டைத் தலையும் மெலிந்த உடம்புமாகத் தனியாகத் திரும்பி வந்தவர் இன்னொருவர். வந்தவர் சிறை என்ற பேச்சை எடுத்திருக்க மாட்டார். கூட்டிவர முடியாமல் போனவரை நினைத்து வளவில் நடந்திருப்பார், ஊர் அதையும் கிறுக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கும். போனதும் ஒரு பெயர், வந்ததும் அதே பெயர். ஊருக்கு அது போதும்.

நகல் எழுதிக்கொண்டு வந்து, வளவில் உட்கார்ந்திருந்த அப்பச்சியிடம் உரக்கப் படித்தேன். அவர் பதில் பேச மாட்டார் என்று தெரிந்தும் படித்தேன். தன் பெயர் வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். காவலாளியின் பல் உடைந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் முடிந்தபிறகு, கல்யாணம் போனதைப் பற்றியோ பைத்தியத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"அப்ப அந்த இன்னொருத்தவுகளுக்கு யாரு படைக்கிறா?"

யாரும் இல்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. செத்துப்போனதைக்கூட ஊர் தெரிந்துகொள்ளவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு வேட்டியை வைத்து இத்தனை வருடமாகக் கும்பிட்டு வந்திருக்கிறோம்.

அந்த வருடப் படைப்புக்குப் பலகையில் ஒரு வேட்டி கூடுதலாக வைத்தோம். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். அப்பச்சி என் பெயரை இரண்டு முறை சொல்லிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்து முதல் வேட்டியை என்னிடம் நீட்டினார். அது சிறைக்குப் போய் வந்த, எங்கள் வம்சத்தைப் பெற்றவருடையது, நியாயமாக என்னுடையது. நான் இரண்டாவதை எடுத்தேன். அவரும் அதே ரத்தம்தானே, அந்தக் கிறுக்கு உனக்கு வராது என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று என்னை யாராவது கேட்டிருந்தால், எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நடந்த மனிதரின் வேட்டியை உடுத்திக்கொள்ள எனக்கு இனிப் பயம் இல்லை.

"அது யாருக்கு வச்சதுன்னு தெரியுமுல்ல?" என்றார் அப்பச்சி.

"தெரியும் அப்பச்சி."

உடுத்திக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். குழம்பு வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது. பாயசம் வந்தபோது கொத்தமங்கலத்து ஞாபகம் வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவப் போனபிறகும் நான் இலைமுன் உட்கார்ந்திருந்தேன். அடுத்த பந்திக்கு இடம் வேண்டும் என்று யாரோ என்னை எழுப்ப வந்தார்கள்.

ஆத்தா கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள். "அவுகளை எழுப்பாதீக" என்றாள். "இத்தனை வருசங்கழிச்சு இப்பத்தான் ஊருக்கு வந்துருக்காக. மெதுவாச் சாப்பிடட்டும்."

சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.