அத்தை நட்ட உருளைக்கிழங்கு

எங்கள் அப்பாவுக்கு இயந்திரத்தைப் பற்றித் தெரிந்த அளவு செடி கொடியைப் பற்றித் தெரியாது என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். ரோலர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்லிவிடுவார். ஆனால் சாம்பாரில் கிடப்பது முள்ளங்கியா நூல்கோலா என்று அம்மாவைத்தான் கேட்பார். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்தது. அதன் பின்பக்கத்து மண், துணிக்கயிறு கட்டியதைத் தவிர வேறு எதற்கும் பயன்பட்டதில்லை.

அங்கே மண்வெட்டி விழுந்தது அத்தை வந்த பிறகுதான். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவினாசிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஆவணி மாதம் கையில் ஒரு பையோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். பம்புசெட்டுத் தொட்டியில் வழுக்கி விழுந்துவிட்டாள், மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று வந்திருக்கிறாள் என்றார்கள். தொட்டியில் விழுந்தவளுக்குக் கழுத்தில் எப்படி விரல் விரலாகக் காயம் இருக்கும் என்று கேட்கிற வயதில்லை எனக்கு. தலை பின்னிவிடவும் கதை சொல்லவும் ஆள் கிடைத்ததில் ஒரே கொண்டாட்டம்.

அத்தைக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தோட்டங்காட்டு வேலை பழகிய கை. புரட்டாசியில், சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்குகளை எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பால் ஊற்றும் படகர் இனத்து அம்மாவிடம் யோசனை கேட்டாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருக்கும்படி நறுக்கி, வெட்டின இடத்தில் சாம்பல் தடவி, ஆறவிட்டு நட வேண்டும் என்று பால் அம்மா சொல்லிக்கொடுத்தார். செடி வளர வளர மண் அணைக்க வேண்டுமாம். கிழங்கு வெளியே தெரிந்து வெயில் பட்டால் பச்சையாகிக் கசந்துவிடுமாம். இலை பழுத்துச் செடி காய்ந்துவிட்டால் கிழங்கு முத்திவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் நான் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன்.

இதற்கிடையே அவினாசியிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. வாக்கப்பட்ட பெண் அண்ணன் வீட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பாள், ஊர் வாயை யார் மூடுவது என்று பெரியவர்கள் அப்பாவை நெருக்கினார்கள். அவர்கள் போன பிறகு அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"இந்தக் கெழங்கு எடுக்கற வரைக்குமாச்சும் இருந்துக்கறனுங்ணா."

அப்பா சரி என்றார். கிழங்கு எடுத்ததும் தானே கொண்டுவந்து விடுவதாக அவினாசிக்கும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து, அத்தை அந்தச் செடிகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாத குறைதான்.

மார்கழியில் உறைபனி இறங்கியது. எங்கள் பள்ளத்தில் அது உப்பைக் கொட்டினாற்போலக் கிடக்கும். வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவாவிட்டால் செடி கருகிவிடும். கருகினால் கிழங்கை எடுத்துவிட வேண்டியதுதான். ஒரு விடியற்காலையில் பின்கதவைத் திறந்தேன். அத்தை எழுவதற்கு முன்பே அப்பா அங்கே நின்று, சொம்பில் மொண்டு ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நீங்கள் எதற்குச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, போய்ப் படு என்று அதட்டினார். பிறகு அவர் அடுப்பருகே வந்து உட்கார்ந்தபோது விரல்கள் மடங்கவில்லை.

பனிக்குத் தப்பிய செடிகள் தை பிறந்ததும் வயசாகிக் காய்ந்தன. எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீணாகிவிடும் என்றார் பால் அம்மா. அத்தை தினமும் மண்வெட்டியை எடுப்பாள். சுவரில் சாய்த்துவிட்டு வேறு வேலைக்குப் போவாள். நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிழங்கு வறுவல் ஆசை. அத்தை ஊருக்குப் போனாலும் லீவுக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பொங்கல் கழிந்து மாமா, அத்தையின் வீட்டுக்காரர், வந்தார். உட்கார்ந்ததும் கிழங்கு எடுத்தாயிற்றா என்றுதான் கேட்டார். அம்மா காபி வைத்தாள். அத்தை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா மாமாவைப் பின்பக்கம் கூட்டிப்போனார், நானும் ஓடினேன். பாத்தியில் பச்சை என்று ஒரு இலை கிடையாது. சருகு மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அப்பா அதைக் கையால் காட்டினார்.

"கெழங்கு இன்னும் முத்துலீங்க மாப்ள."

மாமா பாத்தியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். வருஷா வருஷம் நிலக்கடலை போடுகிறவர் அவர். கொடி காய்ந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? எப்போது முத்தும் என்று மட்டும் கேட்டார்.

"அது தெரியலீங்க. முத்தறப்ப முத்தட்டும். அதுவரைக்கும் புள்ள எங்கூட்டுலதான் இருக்கும்."

அப்பாவின் குரல் உயரவில்லை. மாமா காபியைத் தொடாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அத்தை நிலைப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாமாவோடு போக முடியவில்லையே என்ற ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் அவினாசி பஸ் ஏறவேயில்லை.

எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. விவசாயம் தெரிந்த மனிதரிடம் போய் இப்படியா உளறுவது? சாயங்காலம் அப்பா தனியாக இருக்கும்போது பக்கத்தில் போய், செடி காய்ந்தால் கிழங்கு முத்திவிட்டது என்றுதான் அர்த்தம், நீங்கள் மாமாவிடம் சொன்னது தப்பு என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அப்பா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"அப்படியா கண்ணு? எனக்குத் தெரியாமப் போச்சே."

பாவமாக இருந்தது. தெரியாதவரை என்ன சொல்வது? இனிமேல் மாமா வந்து கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.