டிஷ்ஷில் வராத தேர்

விதி தெளிவாக இருக்கிறது. கேபிள் சந்தாதாரர் புகார் கொடுத்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும். புகார் எண் தர வேண்டும். உரிய காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்... இவ்வளவு எளிதாகப் புரியும் விதி அபூர்வம்.

அதை எங்கள் சிதம்பரம் கேபிள்காரர் அன்வர் பாயிடம் போனில் எடுத்துச் சொன்னேன். சிரித்தார்.

"நம்பர் எதுக்கு சார்? உங்க வூடு எனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தவர் வீட்டுக்குத்தானே கடைசியில் வருவார்கள்?

கார்த்திகை மழையில் தெருமுனை மரம் சாய்ந்து கேபிள் ஒயர் அறுந்துவிட்டது. தெருவில் யார் வீட்டிலும் படம் தெரியவில்லை. மற்றவர்கள் மொபைலைத் தடவிப் பொழுதை ஓட்டினார்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. மார்கழித் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி விஜயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூடத் தேர் பார்க்கத் தவறியதில்லை. இந்த வருஷம் இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். "கூட்டத்துல போய் நின்னீங்கன்னா மறுபடி எங்கிட்டதான் வரணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி — அன்வர் பாயின் உள்ளூர் சேனல். நான்கு வீதியும் தேர் சுற்றிவருவதை விடியற்காலையிலிருந்து நேரலையில் காட்டுவார்கள். அதில் பாய் மன்னன். வீதிக்கு நாலு மாடியில் கேமரா வைப்பார்.

"பசங்க வர்றாங்க சார்" என்றார். ஒரு வாரம் ஆனது. எந்தப் பசங்களும் வரவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மனு எழுதினேன். பொருள், பார்வை, விதியின் பிரிவு, எல்லாம் முறைப்படி. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அது 'பெற மறுப்பு' என்ற குறிப்போடு என்னிடமே வந்து சேர்ந்தது.

மறுப்பா? எனக்கா?

அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் கடலூரிலிருந்து மாப்பிள்ளை செந்தில் போன் செய்தார்.

"இன்னா மாமா, இன்னும் கேபிளைக் கட்டிக்கினு அழுவுறீங்க? டிஷ் போட்டுடலாம். மழை ஜாஸ்தியா பேஞ்சா கொஞ்சம் போவும். மத்தபடி ராஜா மாதிரி இருக்கலாம்."

சனிக்கிழமையே ஆளோடு வந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் மொட்டை மாடியில் டிஷ் ஏறியது. என்ன துல்லியம்! கிரிக்கெட் ஆடுபவன் நெற்றி வியர்வையை எண்ணலாம். அன்வர் பாயை வென்றுவிட்ட பூரிப்பில் சோபாவில் சாய்ந்தேன்.

விஜயா ரிமோட்டை வாங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"ஏங்க... நம்ம தேரு எந்த நம்பர்ல வரும்?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை டிஷ்காரரைப் பார்த்தார். டிஷ்காரர் ஸ்குரூடிரைவரைப் பார்த்தார்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் பணிவாகக் கேட்டாள், "எந்தத் தேர் சார்?"

சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. வானத்திலிருந்து நூற்றுக்கணக்கில் சேனல் இறங்குகிறது. ஏதோ ஒரு நாட்டில் எவனோ மீன் பிடிப்பதைக்கூடக் காட்டுகிறார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி நகரும் தேர் மட்டும் அதில் கிடையாது!

"பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று விஜயா ரிமோட்டைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

தேருக்கு நான்கே நாள். ஃபைலை எடுத்துக்கொண்டு மேல வீதியில் இருக்கும் பாயின் ஆபீஸுக்கு நேரில் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கு நான் இன்னா சார் கெடுதல் பண்ணேன்? கோர்ட்டு வரைக்கும் போறீங்களே!"

"எந்தக் கோர்ட்டு பாய்?"

டிராயரிலிருந்து ஒரு கவரை இரண்டு விரலால் எடுத்தார். என் முதல் மனு. பிரிக்கவே இல்லை.

"வக்கீல் நோட்டீஸ்தானே இது? ரிஜிஸ்டர் தபால்ல வேற இன்னா சார் வரும்? எங்க மச்சான் சொன்னாரு, பிரிக்காத, பிரிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு. கேஸு முடியுற வரைக்கும் அந்தத் தெருப் பக்கமே போவாதீங்கடான்னு பசங்களுக்கும் சொல்லிட்டேன்."

ஆக... முதல் வாரம் போக, மீதி நாளெல்லாம் தெரு முழுக்க டிவி இல்லாமல் கிடந்ததற்குக் காரணம் மழை இல்லை. என் பதிவுத் தபால். இதை எங்கள் தெருக்காரர்களிடம் இதுவரை நான் சொல்லவில்லை. இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கவரைக் கிழித்து நானே உரக்கப் படித்தேன். கடைசி வரி, 'அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவி வீட்டிலிருந்தே தேர் பார்க்க வேண்டியிருப்பதால் ஆவன செய்யுமாறு...'

பாய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இதுக்கா சார்? அக்கா தேரு பாக்கணும்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே ஒயர இழுத்திருப்பனே! நீங்க விதி, விதின்னுதானே சொன்னீங்க?"

உண்மைதான். அவரிடம் பேசிய ஒவ்வொரு முறையும் விதியைச் சொன்னேன். முட்டியைச் சொல்லவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

"ஒயர் இருக்கட்டும் பாய். புகார் எண்?"

"விட மாட்டீங்களே!" என்று சிரித்தார். "நீங்க அனுப்புன மாதிரியே வரும், போங்க சார்."

அன்று சாயங்காலமே ஆட்கள் வந்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு பாயே நின்றார். தெரு முழுக்கப் படம் வந்தது. "சார் நேர்ல போய்ப் பேசினதாலதான்!" என்று எதிர்வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார். மறுக்காமல் பெற்றுக்கொண்டேன்.

தேரன்று விஜயா விடியுமுன் குளித்து, டிவி பக்கத்தில் விளக்கேற்றி, கால்களை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கீழ வீதியில் தேர் அசைந்ததும் கைகள் தாமாகக் குவிந்தன.

"ஏங்க, இத்தினி வருஷமா கூட்டத்துல எனக்குச் சக்கரமும் வடமும்தான் தெரியும். சாமி முகத்தை இப்பதாங்க கண்ணு நெறையப் பாக்கறேன்!"

செந்தில் போனில் கேட்டார், "டிஷ் எப்படி மாமா இருக்கு?"

"மொட்டை மாடியில சௌக்கியமா இருக்கு மாப்ள."

வாசலில் தபால்காரர் குரல். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு! நான் பாயைப் போல் பயப்படவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். 'புகார் எண்: 1. பொருள்: அக்கா தேர் பார்ப்பது. இணைப்பு கொடுக்கப்பட்டது. இப்படிக்கு, அன்வர்.'

பெற்ற நாளை வழக்கம்போல் கடிதத்தின் ஓரத்தில் குறித்து, ஃபைலில் வைத்தேன்: மார்கழித் தேரன்று, முற்பகல், தேர் தெற்கு வீதிக்குத் திரும்பும்போது.